விடைபெறாமல் போகும் விருந்தினர்

வரும் விருந்தினரை வாசலில் நின்று வரவேற்பது தமிழர் பண்பு. போகும் விருந்தினரைத் தெருமுனை வரை சென்று வழியனுப்புவதும் நம் பண்பே அல்லவா? ஆனால் பறவை விருந்தினர் விஷயத்தில் மட்டும் நாம் பாதிப் பண்போடு நின்றுவிடுகிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆறுமணிக் குருவியைத் தோழியரில் எத்தனை பேர் அறிவீர்கள்? காலையும் மாலையும் ஆறு மணியளவில் சீட்டியடிப்பதால் அதற்கு இப்பெயர். பச்சை முதுகு, சிறகில் நீலத் திட்டு, வயிற்றின் அடியில் சிவப்பு, குட்டை வால். ஐப்பசி வாக்கில் நம் தோட்டங்களுக்கு வந்து, சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. சித்திரையில் வடக்கே புறப்பட்டுவிடும். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் அது கூடு கட்டுகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரத் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரும் நண்பர்கள் நால்வரும் பறவைகளைப் பார்த்து, நாள், இடம், எண்ணிக்கை குறித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். ஏப்ரலில் மூன்று நாட்கள் நான் எழுந்திருக்கவில்லை. கேட்டபோது, "குருவி இருக்கிறது தாத்தா" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நம்பிக்கைதான் என்னைச் சுட்டது. மறுநாள் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, "இனி தினமும் பாரம்மா. பார்த்தும் காணவில்லை என்றால் அதுவும் செய்திதான்" என்றார்.

சிந்தித்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்குகிறது. ஒரு பறவை வந்த நாளை அன்றே அறியலாம். போன நாளை அன்றே அறிய முடியாது. அடுத்தடுத்த நாட்களிலும் தேடி, காணாமல் திரும்பியவருக்கே கடைசியாகப் பார்த்த நாள் எது என்று தெரியும். ஒருவர் தோட்டத்தில் காணாதது அடுத்த தெருவில் இருக்கலாம். ஆகவே பலர் பார்த்துப் பகிர்ந்தால்தான் உண்மை புலப்படும். இடையில் ஒருவர் பொய் எழுதினால் எல்லோருடைய உழைப்பும் கெடும்.

"பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பால் என்ன பயன்?" என்று பெற்றோர் கேட்கலாம். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிப் பாதுகாப்புக் கவனம் வேண்டும் என்று கண்டது. இதற்கு ஆதாரம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிப் பகிர்ந்த குறிப்புகளே. சிறு துளி பெருவெள்ளம் அன்றோ!

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகத்தில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் தை மாதம் விருந்தினர் நிறைந்திருக்கும் காலம். அவர்கள் புறப்படும் பங்குனி, சித்திரையில் நமக்கோ தேர்வும் விடுமுறையும்! புத்தகத்திலிருந்து தலைநிமிர்ந்து ஐந்து நிமிடம் பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடாது.

எனவே அருட்சகோதரிகளுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நம் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், நேரம், மரம், பறவை ஆகியவற்றுடன், "தேடினேன், காணவில்லை" என்று எழுதவும் ஓர் இடம் இருக்கட்டும். விடுமுறையில் அவரவர் வீட்டில் எழுதியதை ஜூனில் சேர்த்துக்கொள்ளலாம்.

தோழியரே, அந்த இடத்தில் எழுத வெட்கப்படாதீர்கள். எனக்கு அங்கே எழுதத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

— பத்தாம் வகுப்பு மாணவி