கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

பாலக்கோடு வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். பந்தல் போடுகிறார்கள். மேடையில் நாலு நாற்காலி, ஒரு மைக், பின்னால் ஒரு துணித் தட்டி. கிராம சேவை ஸ்தாபனம் ஒன்றின் ஆண்டு விழா! பெயர் எதுவாயினும் ஆகட்டும். ஸ்தாபனங்கள் பல, விழா ஒன்றுதான். பத்து மணிக்கு வரச் சொன்ன பெண்கள் வெயிலில் காத்திருக்கிறார்கள். அன்றைய கூலி போயிற்று. கனதனவான்கள் பன்னிரண்டு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறார்கள். ஒரு சேலை, அதைக் கொடுக்க எட்டுக் கைகள், வாங்க இரண்டு கைகள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்கிறார் போட்டோக்காரர்.

பிறகு ஆண்டறிக்கை வாசிக்கிறார்கள். இத்தனை சேலை, இத்தனை நோட்டுப் புத்தகம், இத்தனை முகாம், இத்தனை பயனாளிகள். கைதட்டல்!

அந்த அறிக்கையை நாமும் வாசிப்போம், தோழர்களே. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் வாசித்தால் அது கணக்காகாது. கொடுத்தது ஒரு பக்கம் என்றால், எடுத்தது மறு பக்கம். அந்த மறு பக்கத்தை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

தை பிறந்தால் பச்சரிசியும் கரும்பும் தருகிறார்கள். நல்லது. கரும்பு விளையாத ஊரா இது? திம்மனஅள்ளியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருக்கிறதே! தண்ணீர் இல்லாமல், கரும்பு போதாமல், அரவை முடங்கிய பருவங்களை அந்த ஆலை கண்டது. அரவை முடங்கினால் கரும்பு வெட்டுகிறவனுக்குக் கூலி இல்லை; வண்டிக்காரனுக்கு வாடகை இல்லை; ஆலைத் தொழிலாளிக்கு நிம்மதி இல்லை. ஏரிகளுக்குக் கால்வாய் வெட்டுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டார்கள். வெட்ட வேண்டிய கால்வாய்க்குப் பதில் கையில் ஒரு கரும்புத் துண்டு!

சித்திரை வந்தால் நீர்மோர்ப் பந்தல். தர்மபுரி ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்திருப்பது ஊரறிந்த சங்கதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது விஷம். பிள்ளைகளின் பல்லில் கறை ஏறுகிறது. வருஷக் கணக்கில் குடித்தவனுக்கு எலும்பு வளைகிறது. நாற்பது வயதில் குனிந்து கதிர் அறுக்க முடியவில்லை. இதற்கு மருந்து மோர்ப் பந்தலா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் திறந்தார்கள். 1,928 கோடி ரூபாய்த் திட்டம். ஜப்பானில் கடன் வாங்கிய பணம். அந்தக் கடனை அடைப்பது நம் வரிப்பணம். மக்கள் ஆண்டுக் கணக்கில் கேட்டுப் பெற்ற தண்ணீர் அது. அந்தக் குழாய் ஒவ்வொரு காலனிக்கும் தவறாமல் தண்ணீர் தருகிறதா என்று கேட்கும் வரி எந்த ஆண்டறிக்கையிலாவது உண்டா?

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுப் புத்தகம். வாங்கும் பிள்ளையின் தகப்பன் எங்கே? பாலக்கோடு ரயிலடியில் ரயிலேறி ஓசூருக்கும் பெங்களூருக்கும் செங்கல் சுமக்கப் போய்விட்டான். பிள்ளை பாட்டி வீட்டில். ஊரில் வேலை இருந்தால் அவனே வாங்கித் தரமாட்டானா நாலு நோட்டு?

தக்காளி விலை சரிந்தால் என்ன நடக்கிறது? பாலக்கோடு தக்காளி மண்டி பெரிய மண்டி. விலை விழும் நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் குடியானவன் கூடையோடு சாலையில் கொட்டுகிறான். பறித்த பெண்ணுக்கும் கூலி பாக்கி. அப்போது சேவை ஸ்தாபனம் முகாம் நடத்துகிறது. தக்காளியில் ஊறுகாய் போடுவது எப்படி? ஜாம் கிண்டுவது எப்படி? ஊறுகாய் போட நம் பெண்களுக்குத் தெரியாதாம்! நியாய விலை வைத்துக் கொள்முதல் செய்வது எப்படி என்று சர்க்காருக்கு முகாம் நடத்த ஆளில்லை.

ஐப்பசியில் தீபாவளிச் சேலை. மார்கழியில் ஆண்டறிக்கை. வருஷம் முடிந்தது. பயனாளிகள் அப்படியே இருக்கிறார்கள், அடுத்த வருஷமும் பயனாளிகளாக!

யார் பணம் இது?

"பசித்தவனுக்குச் சோறு போடுவது தப்பா?" என்று சிலர் கேட்பார்கள். தப்பே இல்லை. 2020-ல் ஊரடங்கில் உலை கொதிக்காத வீடுகளுக்கு அரிசி மூட்டை சுமந்தவர்களில் செங்கொடித் தோழர்களும் உண்டு. சேவை ஸ்தாபனத்தில் வேலை செய்யும் இளைஞர்களை நாம் ஏசவும் இல்லை. அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். வருஷ ஒப்பந்தத்தில், சொற்பச் சம்பளத்தில், திட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போ என்ற நிலையில் இருப்பவர்கள். நம் கேள்வி வேறு. தானம் செய்கிற பணம் யாருடையது?

கம்பெனிச் சட்டம் 2013-ன்படி பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது அமல். கிராமங்களில் நடக்கும் பல முகாம்களுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பணம்தான். வள்ளல்தனம் என்று தட்டி கட்டுகிறார்கள்; அது சட்டம் போட்ட கட்டளை! அந்த லாபம் எங்கிருந்து வந்தது? தறியில் நின்றவன், இயந்திரம் ஓட்டியவன், வயலில் குனிந்தவள், இவர்கள் உழைப்பில் கொடுபடாத பங்குதான் அது.

இரண்டு பங்கு கொடுக்கச் சொன்ன அதே சர்க்கார் என்ன செய்தது? 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை நூற்றுக்கு 30-லிருந்து 22 ஆகக் குறைத்தது. அதனால் கஜானாவுக்கு ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். இடது கையால் இரண்டைக் கொடு, வலது கையால் எட்டை எடுத்துக்கொள்! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தேங்காயும் நம்முடையது. சிதறிய சில்லைப் பொறுக்கிக்கொண்டு கும்பிடு போட வேண்டியவர்களும் நாம்!

இதே வித்தையை நூற்பாலைகளிலும் பார்த்தோம். தர்மபுரி ஜில்லாவிலிருந்து வயதுப் பெண்களைத் திருப்பூர், கோவைப் பக்கத்து மில்களுக்கு அழைத்துப் போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு வேலை செய். முடிவில் மொத்தமாக ஒரு தொகை. கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமாகப் பெயரும் சூட்டினார்கள். அந்தத் தொகை என்ன? மாதா மாதம் கொடுக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்தது! இரண்டரை வருஷத்தில் நோய்ப்பட்டுத் திரும்பிய பெண்ணுக்கு அதுவும் கைக்கு வருவது அரிது. பெயரை மாற்றி இதை நடத்துவோர் இன்று ஒருவரும் இல்லையென்று மில் முதலாளிகள் சத்தியம் செய்யட்டும் பார்க்கலாம்!

கூலியைக் குறைத்துப் பிடிப்பது, பிறகு அதையே தர்மம் என்று திருப்பிக் கொடுப்பது. ஆண்டறிக்கையின் சூட்சுமம் இதுதான்.

1989-ல் கூடிய பெண்கள்

சேவை ஸ்தாபனங்களால் நமக்கு ஒரு நன்மையும் இல்லையா? ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டோம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதல் தொடங்கியது நம் தர்மபுரி ஜில்லாவில்தான். 1989-ல், சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டுக் கழகம் அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்தவர்கள் சேவை ஸ்தாபனத்தார். அதன் பின்பே பிற ஜில்லாக்களுக்குப் பரவி, 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுதும் வந்தது.

அதுவரை வாசற்படி தாண்டி நாலு பேர் நடுவில் பேசாத பெண், வாரம் ஒரு நாள் வட்டமாக உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டாள். பாங்குக்குப் போய் மேனேஜரிடம் நின்று பேசினாள். இது சின்ன விஷயமல்ல. கந்து வட்டிக்காரனிடமிருந்து பல குடும்பங்கள் மீண்டதும் உண்மை.

ஆனால் கூடிய பெண்களுக்கு என்ன கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? சேமிப்புக் கணக்கு, தவணைக் கணக்கு. கூலிக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்ததை எந்த வட்டத்தில் பேசினார்கள்? பெண் வாங்கும் கூலி ஆணுக்குக் குறைவாக இருப்பதேன் என்று யார் கேட்கச் சொன்னார்கள்?

கேள்வி கேட்காத கூட்டம் கடன்காரனுக்கு வசதி. நுண்கடன் கம்பெனிகள் வந்தன. ஐந்து பெண்களைச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டு என்றன. ஒருவருக்கொருவர் துணை நிற்கக் கூடியவர்களை, ஒருத்தி வாசலில் மற்றவள் தவணை கேட்டு நிற்கும்படி ஆக்கின. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இந்தக் கம்பெனிகளின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. மிரட்டி வசூலிப்பது தாங்க முடியாமல் போய், 2025-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் செய்ய வேண்டி வந்தது.

வட்டம் நல்ல வட்டம், தாய்மார்களே. அதன் நடுவில் வைத்த கணக்குத்தான் தவறு.

பிச்சையல்ல, பாத்தியதை

தானமும் உரிமையும் ஒன்றல்ல. தானம் கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமை நிறுத்தப்பட்டால் கேட்க முடியும்; தெருவில் கேட்கலாம், கோர்ட்டில் கேட்கலாம்.

1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியபோது ஊரார் நன்கொடையும் அதில் சேர்ந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2001 நவம்பர் 28-ல் நாடு முழுவதும் சர்க்கார் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுத்தே தீர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நன்கொடையில் பிறந்த சோறு பாத்தியதையாக வளர்ந்தது. இன்று எந்தப் பிள்ளையும் அந்தத் தட்டை நீட்டும்போது போட்டோவுக்குச் சிரிக்க வேண்டியதில்லை.

பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23-ல் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவை நாம் அறிவோம். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களை வ.உ.சி.யோடு சேர்ந்து வேலை நிறுத்தத்துக்குத் திரட்டியவர் அவர். அந்தத் தொழிலாளிகள் வெள்ளை முதலாளியிடம் கஞ்சித் தொட்டி கேட்கவில்லை. கூலி உயர்வு கேட்டார்கள், வார விடுமுறை கேட்டார்கள், நின்று வென்றார்கள். அந்த ஆத்திரத்தில் சிவாவைச் சிறையில் தள்ளினான் வெள்ளைக்காரன். தொழுநோயோடு வெளியே வந்தார். நம் ஜில்லா மண்ணில் உறங்குகிறவர் அப்பேர்ப்பட்டவர்.

வாச்சாத்தியையும் அறிவோம். 1992 ஜூன் 20-ல் அரூர்ப் பக்கத்து அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்து செய்த கொடுமை நாடறியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடியும் துணை நிற்க, அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-ல் ஹைக்கோர்ட் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. முப்பத்தோரு வருஷம்! அந்தப் பணம் கருணையாக வரவில்லை, தீர்ப்பாக வந்தது.

உரிமை கிடைத்துவிட்டால் தூங்கிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2005-ல் நூறு நாள் வேலை சட்டமாயிற்று. கேட்டால் வேலை தர வேண்டும்; கூலிச் செலவு முழுவதும் மத்திய சர்க்காருடையது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கி வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். நாட்களை 125 என்று காகிதத்தில் கூட்டினார்கள். செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநிலத்தின் தலையில் கட்டினார்கள். விவசாய வேலை மும்முரமாக உள்ள காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தார்கள். பண்ணையாருக்கு மலிவுக் கூலியாள் வேண்டுமல்லவா! சட்டமான உரிமைக்கே இந்தக் கதி என்றால், பந்தலில் கொடுத்த சேலைக்கு என்ன உத்தரவாதம்?

நமது ஆண்டறிக்கை

ஆகவே தோழர்களே, சேலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கம் வேண்டாம், அது நம் பணம். ஆனால் கும்பிட வேண்டாம். வாங்கிய கையோடு நமது ஆண்டறிக்கையை எழுதத் தொடங்குவோம்.

வாரந்தோறும் கூடும் அதே வட்டத்தில், தவணை நோட்டின் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். இந்த வருஷம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? என்ன கூலி பேசினான், என்ன கொடுத்தான்? ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு? எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை? மில்லுக்குப் போன மகளுக்கு எத்தனை மாதக் கூலி பாக்கி? நுண்கடன்காரன் எத்தனை வட்டி வாங்கினான்? ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு.

தமிழ்நாட்டில் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் உரக்க வாசியுங்கள். தீர்மானமாக எழுதக் கேளுங்கள். எழுத மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். மில்லில் உள்ளவன் மில் சங்கத்திலும், வயலில் உள்ளவள் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் சேருங்கள். மகள் மில்லில், தாய் வயலில். ஒரே வீட்டுக் கூலியை இரண்டு இடத்தில் பறிக்கிறார்கள். இரண்டு சங்கமும் சேர்ந்து கேட்டால்தான் பறித்தது திரும்பும்.

அடுத்த ஆண்டு விழாவில் மேடையில் அவர்கள் கணக்கை வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் பந்தலிலிருந்து ஒரு தாய் எழுந்து நம் கணக்கை வாசிக்கட்டும்.

அப்போது போட்டோ எடுக்கட்டும்! நாமே சிரிக்கிறோம்!