அறுந்த இழையும் ஒரு முடிச்சும்

பத்து நாள் கண்மூடி அமர்ந்து பார்த்துவிட்டு, "தியானம் நமக்குக் கைகூடாது" என்று எழுந்துவிடும் பெரியவர்கள் ஊர்தோறும் உண்டு. அடுப்பை அணைத்தோமா என்ற ஐயம், மகன் வீட்டுக் கவலை, என்றோ ஒருவர் சொன்ன சுடுசொல் ஆகிய யாவும் கண்ணை மூடியதும்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுபதைக் கடந்தோர்க்கு "இனி எப்போது?" என்ற ஏக்கமும் சேர்ந்துகொள்கிறது.

இக்குறை புதிதன்று. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனும் இதையே முறையிடுகிறான். கண்ணன் அதை மறுத்துரைக்கவில்லை. மனத்தை அடக்குவது கடினமே என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பயிற்சியையும் பற்றின்மையையும் வழியாகக் காட்டுகிறான். பதஞ்சலி முனிவரோ அப்பயிற்சி நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு நடைபெற வேண்டும் என்கிறார். பத்து நாள் எம்மூலைக்கு!

காவிரிக்கரைப் பள்ளிபாளையத்தில் இதை விளங்கிக்கொள்ள ஏடு புரட்ட வேண்டியதில்லை. விசைத்தறியில் பாவிழை அறுந்தால், தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுகிறார்கள். அதற்காகப் பாவு முழுவதையும் வெட்டி எறிவார் உண்டோ? நூல் மட்டமானால் அடிக்கடி அறும். அன்று முடிச்சும் மிகுதி, அவ்வளவே. மனம் விலகியதை உணர்ந்து இறைநாமத்திற்குத் திரும்புவதும் அத்தகைய ஒரு முடிச்சுத்தான். இருபது முறை விலகி இருபது முறை திரும்பியவர் அன்று நன்றாகவே பயின்றிருக்கிறார்.

தறியோடு வாழ்ந்து தியானம் பயின்றவரும் நம்மிடையே இருந்தார். வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். நெசவுத் தொழிலும் செய்தவர். இல்லறத்தில் இருந்தபடியே பயின்று, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, இல்லறத்தாருக்கே அதனைக் கற்பித்தார்.

தறியோசை ஓயாத தெருவில் அமைதியான இடத்திற்கு எங்கே போவது என்று சிலர் வினவுவர். மனம் எங்கு ஒருமைப்படுகிறதோ அவ்விடமே போதும் என்பது பிரம்ம சூத்திரத்தின் கருத்து. சம்மணமிட முழங்கால் இடந்தராவிடில் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமரலாம். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். நாள்தோறும் அதே வேளையாக இருப்பது நன்று. பயணத்தாலோ உடல்நலக் குறைவாலோ ஒருநாள் தவறினால், மறுநாள் இரட்டிப்பாக அமர்ந்து ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான வேளையில் அதே பத்து நிமிடம் அமர்ந்தால் போதும்.