கையெழுத்து வைக்க முன்னம்



தை மாதம் பிறந்தால் எங்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரப் பேச்செல்லாம் பல்கலைக்கழகம்தான். "என்ர பிள்ளைக்கு வாட்டர்லூவில எஞ்சினியரிங் கிடைக்குமோ?" என்று கேட்காத ஆளில்லை.

ஊரிலே ஏ.எல். என்ற ஒரே சோதனை. ஒன்ராறியோவில் அப்படியொன்று இல்லை. 12ஆம் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்கென்று உள்ள பாடங்களில் ஆறின் புள்ளியைப் பார்ப்பார்கள். அந்தப் புள்ளியைப் போடுவது பள்ளி ஆசிரியரே. வாட்டர்லூ பொறியியலுக்கு ஆங்கிலம், பௌதிகம், இரசாயனம், கல்குலஸ் உட்பட இரண்டு கணிதம் கட்டாயம். பிள்ளை பள்ளிக்கு வெளியே செய்தவற்றை எழுதும் படிவமும் உண்டு.

எங்கள் மகன் 10ஆம் வகுப்பில் பாடத்தெரிவுக் கடதாசி கொண்டுவந்தான். இரவு வேலை முடிந்த அலுப்பில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தோம். 11க்கு அவன் எடுத்தது கொலிஜுக்கான கணிதம். அதிலிருந்து கல்குலசுக்கு நேர்வழி இல்லையென்று அடுத்த வருடம்தான் அறிந்தோம். திரும்பப் படித்தான், ஒரு வருடம் போயிற்று. இம்முறைதான் விண்ணப்பிக்கிறான். பிழை அவனுடையதல்ல, எங்களுடையது.

பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்றால் பல்கலைக்கழகம், 'சீ' என்றால் கொலிஜ், 'எம்' என்றால் இரண்டுக்கும் பொது. கல்குலஸ் வேண்டுமென்றால் 11இல் 'யூ' கணிதமே நேர்வழி. கொலிஜ் குறைவென்று சொல்லவில்லை. தெரிந்து தெரிவு செய்வோம் என்கிறோம்.

ஆங்கிலம் வராதென்று கூச்சப்படாதீர்கள். ஒருநாள் லீவு போட்டாவது பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைச் சந்தியுங்கள். ஒருநாள் சம்பளம் போகும். பிள்ளையின் ஒரு வருடம் மிஞ்சும்.