கஷ்டமும் ஒரு பாடம்

எங்கட சந்தியில் ஒரு கேம் கடை இருந்தது. இரண்டு ரீவி, இரண்டு பிளேஸ்டேஷன் 2, மணித்தியாலக் கணக்கில் காசு. தரம் ஆறு படிக்கேக்க ரியூசன் முடிய அங்கேதான் ஓடுவேன். நான் விளையாடினது 'டெவில் மே க்ரை 3'. கடைக்கார அண்ணா மெமரி கார்ட் தரமாட்டார். அதனால் ஒவ்வொரு நாளும் முதலில் இருந்துதான் தொடக்கம். மூன்றாவது மிஷன் முடிவில் செர்பரஸ் நிற்கும், மூன்று தலையுள்ள பனி நாய். அதிட்ட அடி வாங்கிச் செத்துக்கொண்டிருக்க, "தம்பி, நேரம் முடிஞ்சுது" எண்டு பின்னால் குரல் கேட்கும். அந்த வருசம் முழுக்க எனக்கு அந்த நாயைத் தாண்ட ஏலாமல் போனது.

எனக்கு விளையாடத் தெரியாது என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். கம்பஸ் வந்த பிறகுதான் ஒரு விசயம் தெரிந்தது. அந்தக் கேம் 2005 இல் ஜப்பானில் வந்தபோது 'ஹார்ட்' என்று இருந்த அளவு, வட அமெரிக்காவுக்குப் போகும்போது 'நோர்மல்' என்று பெயர் மாறியிருக்கிறது. அடுத்த வருசம் வந்த ஸ்பெஷல் எடிஷனில் அதைத் திருத்தினார்கள். செத்த இடத்திலேயே எழும்புவதா, கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குவதா என்று தெரிவுசெய்யவும் விட்டார்கள். எங்கட கடையில் ஓடினது திருத்தாத அந்த அமெரிக்கப் பதிப்பு.

அப்ப நான் தோற்றது கேமிடமா, பதிப்பிடமா?

இந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. இப்ப பழைய அக்ஷன் கேம்களைத் தூசு தட்டிப் புதிய கொன்சோலுக்குக் கொண்டுவருவது பெரிய வியாபாரம். கஷ்டத்துக்குப் பெயர்போன கேம் ஒன்று திரும்ப வரும்போதெல்லாம் இணையத்தில் இரண்டு கட்சி அடிபடும். 'ஈஸி மோட் வை' என்பது ஒன்று. 'ஏலாட்டி விளையாடாதே' என்பது மற்றது. இரண்டு பேருமே முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கஷ்டம் என்பது கேமுக்கு மேலே தூவின மிளகாய்த்தூள் இல்லை. எத்தனை எதிரி, எவ்வளவு வேகம், செத்தால் எங்கே எழும்புவாய் என்பதெல்லாம் கேமின் வசனங்கள். அதில் கை வைத்தால் நீங்கள் மாற்றுவது பிரதியை.

'நின்ஜா கெய்டன் 2' இதற்கு நல்ல உதாரணம். 2008 இல் எக்ஸ்பொக்ஸ் 360 க்கு வந்தது. அதில் எதிரியின் கையையோ காலையோ வெட்டினால் அவன் சாகமாட்டான், இன்னும் ஆபத்தாகிவிடுவான். ஊர்ந்து வந்து உங்களைக் கட்டிப்பிடித்து வெடிப்பான். அப்படிப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சில இடத்தில் கொன்சோலே மூச்சுவாங்கும், படம் தடக்கித் தடக்கி ஓடும். அடுத்த வருசம் பிளேஸ்டேஷன் 3 க்கு 'சிக்மா 2' என்ற பெயரில் வந்தபோது எதிரிகளின் தொகை குறைந்துவிட்டது. இரத்தத்துக்குப் பதிலாக ஊதாப் புகை வந்தது. படம் சுத்தமாக ஓடியது, கமராவும் திருந்தியது. அதை விரும்பினவர்களும் இருக்கிறார்கள், பிழையில்லை. ஆனால் 'சுத்திவரச் சனம், மூச்சுவிட நேரமில்லை' என்ற அந்தப் பதற்றம்தான் அந்தக் கேம். புகையோடு அதுவும் போய்விட்டது.

2021 இல் மூன்று கேமையும் சேர்த்து 'மாஸ்டர் கலெக்ஷன்' என்று விற்றபோது முதல் இரண்டு கேமுக்கும் உள்ளே இருந்தது இந்தச் சிக்மா பதிப்புகள்தான். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும், 2005 இல் வந்த 'நின்ஜா கெய்டன் பிளாக்' இல்லை. தயாரிப்புக் குழுவின் ஃபுமிஹிகோ யசுதா சொன்ன காரணம், பழைய தரவை முழுதாக மீட்க முடியவில்லை, துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருந்தது என்பது.

இதைக் கேட்டதும் தமிழ் படிக்கிற எனக்கு ஏடுதான் ஞாபகம் வந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் கறையான் தின்ற ஓலைகளைத் தேடி அலைந்த கதையை முதல் வருசத்திலேயே படிப்பிக்கிறார்கள். அது இரண்டாயிரம் வருசப் பழசு. இது அப்ப இருபது வருசம்கூட நிரம்பியிராத ஒரு கேம், அதைச் செய்த கம்பனி இன்னும் கண்முன்னால் இருக்கிறது. அங்கேயும் கறையானா? 2023 இல் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010 க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்கிறது.

எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர் பழைய 'பிளாக்'கையும் 'நின்ஜா கெய்டன் 2' இன் மூலத்தையும் இன்றைக்கும் ஓட்டலாம், உண்மைதான். ஆனால் எங்களில் எத்தனை பேரிடம் எக்ஸ்பொக்ஸ் இருக்கு? கொன்சோல் வாங்கும் காசுக்கு இங்கே ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடலாம். மறுவெளியீடு ஒன்று கணினிக்கு வந்து விலை இறங்கினால்தான் எங்களுக்கு நேர்வழி திறக்கும். அந்த ஒரு வழியிலும் வெட்டிச் சுருக்கின பதிப்பு மட்டும் இருந்தால், எங்களுக்கு மூலம் என்று ஒன்றே கிடையாது.

அதுக்காக 'கஷ்டத்தைத் தொடாதே' என்கிற ஆக்களோடும் நான் இல்லை. 'நின்ஜா கெய்டன் பிளாக்'கில் முதல் கட்டத்தில் மூன்று தரம் செத்தால் லேசான முறை ஒன்று திறக்கும். அதன் பெயர் 'நின்ஜா டோக்', நின்ஜா நாய். தெரிவுசெய்தால் கையில் ரிபன் கட்டி நக்கலடிப்பார்கள். சிரிப்பாகத்தான் இருக்கு, ஆனால் உதவி கேட்டவனை அவமானப்படுத்துவது என்ன நியாயம்?

போன வருசம் தங்கச்சி என்ர மடிக்கணினியில் 'டெவில் மே க்ரை' தொகுப்பைத் திறந்தாள். அதில் இருப்பது ஸ்பெஷல் எடிஷன். செத்த இடத்திலேயே எழும்பும் முறையை எடுத்தாள். செர்பரஸிடம் நாலு தரம் செத்து, நாலு தரம் எழும்பி முடித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கேம் முழுதும் முடித்த பிறகு அவளாகவே மற்ற முறையில் திரும்பத் தொடங்கினாள். "இப்ப அது எப்பிடி அடிக்கும் எண்டு தெரியும் அண்ணா, காசில்லாமப் பாப்பம்" என்றாள். லேசான வாசலால் நுழைந்தவள் கஷ்டமான அறைக்குத் தானாகவே போனாள்.

ஆகவே மறுவெளியீடு செய்பவர்களிடம் நான் கேட்பது மூன்றே விசயம். மூலத்தை அப்படியே ஒரு தெரிவாக வையுங்கள், தடக்கல் உட்பட. பக்கத்தில் லேசான வழி ஒன்றை நக்கல் இல்லாமல் திறந்துவிடுங்கள். எதை மாற்றினீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் போடுவார். தனக்குப் பிடித்த பாடத்தை மட்டும் அச்சடித்துவிட்டு மற்ற ஏட்டை எரிக்கமாட்டார். செய்ய முடியாத காரியமும் இல்லை: 2025 இல் வந்த 'நின்ஜா கெய்டன் 2 பிளாக்' இரத்தத்தையும் திருப்பிக் கொண்டுவந்து, புதியவர்களுக்கு உதவுகிற முறையையும் சேர்த்தே வைத்தது.

தங்கச்சி படுத்த பிறகு ஒரு இரவு நானும் செர்பரஸிடம் போனேன், பின்னால் போய்த் தொடங்கும் முறையில். மூன்றாவது தரம் விழுந்தது. சந்தோசம்தான். ஆனால் அந்தக் கடையில் நான் அடிபட்ட நாய் இது இல்லை, இது திருத்தின பதிப்பின் நாய். அந்தப் பழையதிடம் ஒருக்கா திரும்பப் போய்ப் பார்க்க ஆசை. அந்தக் கடை இப்ப போன் திருத்தும் கடை.