உச்சிப்புளியைக் கேட்காத நிபுணர் குழு

பாலியல் நலக் கல்வியை நிபுணர் குழு ஒன்றின் கையில் ஒப்படைத்துவிட்டால் போதும், மக்களிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை என்ற போக்கில் தலைநகரில் காரியங்கள் நகர்த்தப்படுவது, இவ்விவகாரத்தைத் தொடக்கம் முதல் கவனித்துவரும் எவருக்கும் எரிச்சலையே தரும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பு ஒன்றை அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், குழந்தைகளைப் பாலியல்ரீதியாகச் சுரண்டும் படங்கள் தொடர்பான சட்டத்தை விளக்கியதோடு நிற்காமல், நலக் கல்வியும் பாலியல் கல்வியும் அடங்கிய விரிவான திட்டத்தை வகுக்க நிபுணர் குழு அமைப்பதை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்றும் ஆலோசனை கூறியது. 2025 மே மாதம் வளரிளம் பருவத்தினர் தொடர்பான வேறொரு வழக்கிலும் நிபுணர்களின் குழுவைப் பற்றியே பேசப்பட்டது; அதே ஆண்டு அக்டோபரில், ஒன்பதாம் வகுப்புவரை காத்திராமல் இன்னும் இளம் வயதிலேயே இக்கல்வி தொடங்கப்பட வேண்டும் என்று அந்நீதிமன்றம் மீண்டும் சொன்னது. நீதிமன்றம் சொன்னவற்றில் குழு என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஆட்சிப் பீடம், யாருக்காக இத்திட்டமோ அவர்களைக் கேட்கும் பேச்சையே எடுக்கவில்லை.

பாலியல் நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. பாலியல் தொடர்பாக ஒருவரின் உடலும் மனமும் உணர்வும் சமூக உறவும் நல்ல நிலையில் இருப்பதே அது என்று உலக சுகாதார நிறுவனம் விளக்குகிறது. இவ்வளவு அகலமான பொருளை முழுமையாகத் தழுவும் ஒரே தேசியச் செயல்திட்டம் இந்நாட்டில் இல்லை. எச்.ஐ.வி.யும் பால்வினை நோய்களும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பொறுப்பிலும், வளரிளம் பருவத்தினரின் நலம் 2014-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்திலும், குடும்ப நலம் மற்றொரு பிரிவிலும், பள்ளிப் பாடம் இன்னோர் அமைச்சகத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. இங்கிலாந்து தன் முதல் தேசியப் பாலியல் நலச் செயல்திட்டத்தை 2001 ஜூலையில் வெளியிட்டு, அதை மாதக்கணக்கில் மக்களின் கருத்துக்கு வைத்தது. அயர்லாந்து 2015-இல் தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. அவற்றை அப்படியே இங்கே நட்டுவைக்க முடியாதுதான். ஆனால் அங்கே வரைவு வெளியே வந்தது என்பதையாவது இங்குள்ளவர்கள் கவனித்திருக்கலாம்.

கருத்துக் கேட்பு என்ற நடைமுறை இந்நாட்டுக்குப் புதியதன்று. புதிய சட்டங்களின் வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒன்றிய அரசே கொள்கை வகுத்தது. ஆயினும் நடைமுறையில் அது இணையதளத்தில் ஒரு கோப்பை ஏற்றிவிட்டு, மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாள் முடிந்ததும் கதவைச் சாத்திவிடும் சடங்காகவே சுருங்கிப்போயிருக்கிறது. அந்தச் சடங்குகூட இந்த விஷயத்தில் நடக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்க, நடந்திருந்தாலும் உச்சிப்புளிக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும் என்பதே இங்கு எழுப்ப வேண்டிய கேள்வி.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில் உள்ள உச்சிப்புளியும் அதைச் சுற்றியுள்ள புதுமடம், இருமேனி, பிரப்பன்வலசை, வேதாளை போன்ற ஊர்களும், எந்த நிபுணரும் மேசையில் அமர்ந்து ஊகித்துவிட முடியாத வாழ்க்கைமுறைகளைக் கொண்டவை. ஒரு வீட்டில் கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார், ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை விடுப்பில் வருகிறார். அடுத்த வீட்டில், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போனவர் திரும்பும் நாள் கடலைப் பொறுத்தது. இன்னொரு வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை தேடி வெளிமாவட்டத்துக்கும் வெளிமாநிலத்துக்கும் போகிறார்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி அணிந்து, பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல மணி நேரம் உப்புநீரில் மூழ்கி எழுகிறார்கள். மாதவிடாய் நாட்களிலும் நனைந்த துணியோடு நின்று வேலை செய்யும் அவர்களுக்கு உண்டாகும் எரிச்சலும் வெள்ளைப்படுதலும் சிறுநீர்த் தொற்றும் எந்தத் திட்டத்தின் எந்தப் பத்தியில் இடம்பெற வேண்டும் என்பதை அப்பெண்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

சிகிச்சை கிடைக்கும் இடத்திலும் இதே கதைதான். பால்வினைத் தொற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் அளிக்கப்படும் மருந்துகள், நோய்க்குறிகளின் அடிப்படையில் சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என ஏழு நிறப் பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டு நாடெங்கும் ஒரே மாதிரி வழங்கப்படுகின்றன. ஆய்வக வசதி இல்லாத இடத்திலும் உடனே மருத்துவம் பார்க்க உதவும் நல்ல ஏற்பாடு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெட்டி கைக்கு வருவதற்குமுன் ஒருவர் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்க வேண்டும்; சிற்றூரில் அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் சித்தியாகவும் பின்னால் நிற்பவர் அண்டைவீட்டுக்காரராகவும் இருப்பார்கள்; என்ன உபாதை என்று செவிலியர் கேட்கும் கேள்வி அறை முழுவதும் கேட்கும். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்ணை எந்தப் புள்ளிவிவரமும் பிடிப்பதில்லை. மருந்து இருந்தும் மறைப்பு இல்லாததே இங்குள்ள குறை. ஒரு திரைச்சீலையும் தனியறையும் மாலை நேரப் பிரிவும் இங்கு எந்தக் கொள்கை வாக்கியத்தைவிடவும் பெரிய பயனைத் தரக்கூடும் என்பது, வரிசையில் நின்றவருக்குத் தெரிந்த அளவுக்கு நிபுணருக்குத் தெரிய வழியில்லை.

வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வளைகுடாவுக்குப் புறப்படுமுன் இப்பகுதி இளைஞர்கள் எடுத்தாக வேண்டிய ‘மெடிக்கல்’ பரிசோதனையில் எச்.ஐ.வி. சோதனையும் உண்டு; அச்சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஆனால் ‘அன்ஃபிட்’ என்ற ஒரே சொல்லோடு காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுபவருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையில், அந்த இரத்தத்தைத் தானமளித்த இளைஞர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். முன்பு அவர் அளித்த இரத்தத்திலேயே தொற்று தெரியவந்திருந்தும் தகவல் அவருக்குச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மையை அறிந்து, தானே முன்வந்து இரத்த வங்கிக்குச் சொன்னவர் அவர்தான். அந்த மாதம் முடியுமுன் அவர் உயிரோடு இல்லை. ஆலோசனை என்ற சொல்லைக் கொள்கை ஆவணங்களில் அலங்காரமாகப் பதிப்பவர்கள், இம்மாவட்டத்துக்கு வந்து அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்திருக்க வேண்டும்.

மக்களைக் கேட்டதே இல்லையா என்றால், ஒருமுறை கேட்டதுபோல் காட்டினார்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் 2005 வாக்கில் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் நிறுத்திவைத்தன. அதன்மீது தேசிய விவாதம் வேண்டும் என்று கோரிய மனுவை மாநிலங்களவையின் மனுக்கள் குழு எடுத்துக்கொண்டு, பலதரப்புக் கருத்துகளையும் பெற்று, பாலியல் கல்விக்கு இந்நாட்டின் பண்பாட்டில் இடமில்லை என்றும், எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றிய பாடங்களை மேல்நிலை வகுப்பின் உயிரியல் புத்தகத்துக்குத் தள்ள வேண்டும் என்றும் 2009-இல் அறிக்கை தந்தது. மேல்நிலை வகுப்பை எட்டாமலே படகேறியும் கல்யாணமாகியும் பள்ளியை விட்ட பிள்ளைகள் எந்த உயிரியல் புத்தகத்தைப் புரட்டுவார்கள் என்ற கேள்வி அக்குழுவுக்குத் தோன்றவில்லை. பெரியவர்களின் கூச்சத்தைத் திரட்டிப் பிள்ளைகளின் கருத்தாகக் கொடுத்த வேலை அது. அதன் பலனைப் பார்க்க வேண்டுமானால், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 21.6 விழுக்காட்டினரும் ஆண்களில் 30.7 விழுக்காட்டினரும் மட்டுமே எச்.ஐ.வி. பற்றிய முழுமையான அறிவு பெற்றிருந்தனர் என்ற கணக்கைப் பார்க்கலாம்.

ஒன்றிய அரசின் நாற்காலிகளில் அமர்ந்தவர்களின் மற்ற சாதனைகளையும் மறந்துவிடலாகாது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென இருந்த தனித்துறையை 2014-இல் கலைத்துப் பொதுச் சுகாதாரத் துறைக்குள் கரைத்தார்கள். ஆணுறை விளம்பரங்களைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று 2017 டிசம்பரில் அறிவுறுத்தினார்கள். பாதுகாப்பைப் பற்றிய செய்தி பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது, பாதுகாப்பின்மையின் விளைவு மட்டும் படலாம் போலும். மாற்றுப்பாலினக் குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வாறு அரவணைக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட கையேட்டை 2021-இல் எதிர்ப்பு வந்த சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து அகற்றினார்கள். 2022-இல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளின் இருப்பு தீர்ந்ததால், தினமும் தவறாமல் மாத்திரை உட்கொண்டால்தான் உயிர் வாழ முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் டெல்லியில் வாரக்கணக்கில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. இவற்றில் எதற்கு முன்பாவது பாதிக்கப்படுபவரைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?

கேட்காமலிருப்பது அவர்களுக்குச் சுகாதாரத்தில் மட்டும் உள்ள பழக்கமும் அன்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020-இல் வந்தபோது, அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதைச் செய்வதற்குப் பதிலாக அவ்வுத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். அதே ஆண்டு ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று அறிவிக்கை வெளியிட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த செய்தி 2025-இல் வெளியானபோதுதான் ஊர்கள் விழித்துக்கொண்டன. நிலத்தைத் தோண்டவே கேட்காதவர்கள் உடலைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசையாகத்தான் தோன்றுகிறது.

மக்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள், ஆகவே கேட்டுப் பயனில்லை என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. தமிழகத்தின் அனுபவமோ இதற்கு நேரெதிரானது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தது சென்னையில்தான். நாட்டிலேயே முதலாவதாக 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்ததும் தமிழகத்தில்தான். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் ஊரெங்கும் சுவரில் நின்றபோது அதைக் கேலி செய்தவர்களும் அதைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள். மருத்துவர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் நடத்திய ‘புதிரா புனிதமா’ என்ற பாலியல் கேள்வி-பதில் நிகழ்ச்சி தமிழர்களின் கேள்விகளால்தான் ஓடியது. இன்றும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று ஒட்டப்படும் தாள்களைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு வருபவர்கள், பேச ஆள் கிடைக்காததால் அங்கே போகிறார்கள். இவ்வளவு பேர் கேட்கத் தயாராக இருக்கும் இடத்தில், ஊமை என்று பெயர் வாங்க வேண்டியவர்கள் பொதுமக்கள் அல்லர்.

ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் ஒலிபெருக்கியும் ஒளிப்பதிவுக் கருவியும் வைத்து, எழுந்து நின்று பெயரையும் ஊரையும் சொல்லிப் பேசுங்கள் என்றால் இவ்விஷயத்தில் எவரும் பேசார் என்பது உண்மையே. பெண்கள் மட்டும் அமரும் இடம், பெயர் எழுதாத துண்டுச்சீட்டு, ஊர் மதிக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபை, மண்டபம் முகாமில் வாழும் ஈழத் தமிழர்களுக்கென ஒரு நாள் என்று வழிகள் பல இருக்கின்றன. எது எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த ஊரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். முதலில் பேசுவதற்கான மனம் வர வேண்டும், வரைவு தமிழில் வர வேண்டும், உரிய காலம் தரப்பட வேண்டும்.

நிபுணர்கள் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மருந்தின் அளவையும் பாடத்தின் வயதுவரிசையையும் அவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஆனால் பாசி எடுக்கும் பெண்ணிடமும், தங்குகடல் மீனவரிடமும், ‘மெடிக்கல்’ முடிவோடு திரும்பிய இளைஞரிடமும் ஒரு வார்த்தையும் கேட்காமல் டெல்லியில் எழுதி முடிக்கப்படும் எந்த ஆவணத்தையும் தேசியச் செயல்திட்டம் என்ற பெயரில் இம்மாவட்டத்துக்கு அனுப்பிவைக்க வேண்டாம். அமைச்சகங்கள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்பு என்பதற்கு மேல் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.