வேஷம் போடும் டாங்கிள்

டாக்குரியாவாசி ஒருவர் பழைய லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டு, மேசை டிராயரில் கிடந்த யு.எஸ்.பி. டாங்கிளைச் செருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோடம் தெரியாது; சி.டி. டிரைவ் ஒன்றுதான் தெரியும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடத் தோன்றும். கெடவில்லை, வேஷம் போடுகிறது.

பல டாங்கிள்கள் விண்டோஸுக்கான மென்பொருளைத் தமக்குள்ளேயே சுமக்கின்றன. முதலில் சி.டி.யாக நடித்து அதை நிறுவச் செய்த பிறகே மோடமாக மாறும். லினக்ஸில் அந்த மென்பொருள் ஓடாது. வேஷத்தைக் கலைப்பது ஜோசுவா டீட்ஸே எழுதிய யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற இலவச நிரல். மொபைல் போன் இணைப்பைக் கடன் வாங்கி அதை நிறுவுங்கள். டாங்கிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். நெட்வொர்க் மேனேஜரில் 'மொபைல் பிராட்பேண்ட்' பகுதிக்குப் போய், உங்கள் சிம்முக்குரிய ஏ.பி.என்.னைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

நிரலால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 2012 ஏப்ரலில் நாட்டின் முதல் 4ஜி சேவையை ஏர்டெல் தொடங்கியது கொல்கத்தாவில். 2019 ஜூனில் அதே நிறுவனம் 3ஜிக்கு முதலில் மூடுவிழா நடத்தியதும் கொல்கத்தாவில்தான். 4ஜி தெரியாத டாங்கிளில் அந்த சிம்மைப் போட்டால் இணையம் 2ஜி வேகத்தில் தவழும். வேஷத்தைக் கலைத்தும் பயனில்லை.

ஆகவே, செகண்ட்ஹேண்ட் டாங்கிள் வாங்குபவர்கள் 'லினக்ஸில் ஓடுமா?' என்று கேட்பதற்கு முன் '4ஜியா?' என்று கேட்பது பர்ஸுக்கு நல்லது.