ஒரே ஒரு 'ஆ' போதாது

ரொனால்ட் ரீகன் தனக்கு அல்சைமர் நோய் வந்திருப்பதை 1994 நவம்பரில் கைப்பட எழுதிய கடிதத்தில் அறிவித்தார். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து அவர் இறங்கி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால், அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தின் விசார் பெரிஷாவும் ஜூலி லிஸ்ஸும் அவருடைய 46 செய்தியாளர் சந்திப்புகளின் எழுத்துப்படிகளைக் கணினியில் அலசி, பதவிக்காலத்திலேயே பேச்சு மாறத் தொடங்கியதை 2015இல் காட்டினார்கள். சொற்களின் வகை குறைந்தது. பொத்தாம்பொதுவான பெயர்களும் வெறும் இட்டுநிரப்பல்களும் கூடின. அடுத்து வந்த மூத்த புஷ்ஷின் 101 சந்திப்புகளில் அந்தச் சரிவு இல்லை. ரீகனின் முடிவெடுக்கும் திறன் குன்றியிருந்ததற்கு இது சான்றாகாது என்று ஆய்வாளர்களே எச்சரித்ததும் நியாயம்தான்.

ரீகனை ரீகனோடு ஒப்பிட்டார்களே, அதனால்தான் அந்த ஆய்வு எடுபட்டது.

பார்க்கின்சன் நோய்க்கான குரல் சோதனையில் இந்த வசதி கிடையாது. நோய் பேச்சுத் தசைகளின் இயக்கத்தைக் குலைப்பதால் குரல் தணிகிறது, ஏற்ற இறக்கம் மங்குகிறது, காதுக்குப் பிடிபடாத நடுக்கம் சேர்கிறது. 'ஆ' என்று இழுத்தாலே கணினி அதை அளந்துவிடும். ஆய்வகப் பதிவுகளில் துல்லியம் 99 விழுக்காட்டை நெருங்கியது. பிரிட்டிஷ் கணிதவியலாளர் மேக்ஸ் லிட்டில் 2012இல் தொடங்கிய திட்டத்தில், பல நாடுகளிலிருந்து சாதாரணத் தொலைபேசியில் வந்த குரல்களைச் சோதித்தபோது, அது ஏறக்குறைய மூன்றில் இரண்டாக இறங்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் முதியவர்களில் பத்துப் பேருக்கு நோய் என்றால், இந்தச் சோதனை ஆறேழு பேரைப் பிடிக்கும். நலமாக இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரையும் சேர்த்து நரம்பியல் மருத்துவரின் வாசலில் நிறுத்தும். 'பேசினால் நோய் தெரியும்' என்று விற்கவரும் செயலியிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ரீகன் ஆய்வைப் போலச் சொற்களின் வகையை எண்ணும் சோதனையில், ஆங்கிலத்தில் பழகிய கணினி 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்கள்' மூன்றையும் மூன்று புதுச் சொற்களாக எண்ணிவிடக்கூடும் என்பது தமிழருக்குக் கூடுதல் தலைவலி.

ஆக, தேவைப்படுவது அவரவருடைய பழைய குரல். அது இன்று யாரிடம் இருக்கிறது? மருத்துவமனையில் அல்ல, வாடிக்கையாளர் அழைப்புகளைப் பதிவுசெய்து வைக்கும் வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும். பாலிசி கேட்டு அழைத்தவரின் தடுமாற்றத்தை அலசி பிரீமியத்தை உயர்த்த நினைத்தால், அந்தப் பதிவுகளே போதும். நோய் தேடுவதற்கு அவற்றைத் தொடுவதைச் சட்டம் தெளிவாகத் தடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, விரும்பியவர்களிடம் இரண்டு நிமிடப் பேச்சையும் பதிந்து மருத்துவக் கோப்பில் வைக்கலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.